மாநிலத் திட்டமும் மரத்தடி மங்கும்

காய்ச்சலுடன் ஒருவர் தோட்டத்து மருந்தகத்தின் திண்ணையில் வந்து அமர்கிறார். நம் மக்கள் வழக்கில் 'டிரெசர்' எனப்படும் மருத்துவ உதவியாளர் அவரைச் சோதித்துப் பார்க்கிறார். டெங்கியாக இருக்கக்கூடும் என ஐயுற்று அரசாங்க மருந்தகத்திற்கு அனுப்பி வைக்கிறார். அங்கே இரத்தம் எடுக்கப்படுகிறது; டெங்கிதான் என்று தெரிகிறது. இதற்குப் பின் நோயாளிக்கு என்ன நடக்கும் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஆனால், அந்த நோயாளியின் பெயர் எழுதப்பட்ட தாளுக்கு என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. மாநிலம் முழுவதற்குமான சுகாதாரத் திட்டம் என்று அரசாங்கம் எதைக் குறிப்பிடுகிறது என்பதை அந்தத் தாளைப் பின்தொடர்ந்து சென்றால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, டெங்கி நோயாளியைக் கண்ட மருத்துவர் அதை 24 மணி நேரத்திற்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். அறிவிப்பு கிடைத்ததும் அலுவலகத்தின் ஊழியர்கள் நோயாளி குடியிருக்கும் இடத்திற்கு வருகின்றனர். அந்த வீட்டை நடுவாக வைத்து 200 மீட்டர் சுற்றளவில் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் இருக்கின்றனவா என்று தேடுகின்றனர், புகை அடிக்கின்றனர். ஏன் 200 மீட்டர்? ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்தைச் சுற்றியே வட்டமிட்டு வாழ்ந்து மடிவது அது.

ஒரே வட்டாரத்தில் 14 நாள்களுக்குள் இரண்டாவது நோயாளி தென்பட்டால் அவ்வட்டாரம் நோய் பரவும் இடமாகக் குறிக்கப்படும். 30 நாள்களைக் கடந்தும் பரவல் அடங்கவில்லையெனில் 'சிவப்புப் புள்ளி' இடங்களின் பட்டியலில் சேரும். எல்லா மாவட்டங்களின் கணக்கும் வாரந்தோறும் மாநிலச் சுகாதார இலாகாவிற்குப் போய்ச் சேருகிறது. எந்த மாவட்டத்திற்கு அதிக ஆள் அனுப்புவது, எங்கே புகை இயந்திரங்களைக் கொண்டு செல்வது, எந்த மருத்துவமனையில் கட்டில்களை ஒழித்து வைப்பது என்பன அங்கே முடிவாகின்றன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 1,30,101 பேர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் உயிரிழந்தனர். இத்தனை பெரிய கணக்கை ஓரிடத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த மாநிலமும் எதையும் திட்டமிட முடியாது.

எனினும் இந்த ஏற்பாட்டில் இயல்பாகவே ஒரு குறை உண்டு. கொசு கடித்து, நோய்க்கிருமி உடலில் பெருகிக் காய்ச்சல் தோன்றுவதற்கு 4 முதல் 10 நாள்கள் ஆகின்றன. 'சாதாரணக் காய்ச்சல்தானே' என்று நாம் இரண்டு மூன்று நாள்கள் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். அதன் பின்னரே இரத்தப் பரிசோதனையும் அறிவிப்பும். ஆகவே, அலுவலகத்திற்கு எட்டும் செய்தி, ஏறக்குறைய ஒரு வாரத்திற்கும் முந்திய கடியைப் பற்றிய செய்தி. அதற்குள் நோயாளியைக் கடித்த வேறு கொசுக்கள் கிருமியை வாங்கிக்கொண்டுவிட்டன. எட்டிலிருந்து பன்னிரண்டு நாள்களில் அவையும் நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். சுகாதார ஊழியர் எவ்வளவு விரைந்து வந்தாலும் நோயின் பின்னால்தான் ஓடிவருகிறார். நோய்க்கு முன்னால் போய் நிற்கக்கூடியவர்கள் அங்கேயே குடியிருக்கும் மக்கள் மட்டுமே. மக்களின் பங்கேற்பு என்று திட்டத்தில் எழுதப்படுவது மேடை அலங்காரத்திற்காக அன்று. இந்த நாள் கணக்கிலிருந்தே அந்தத் தேவை பிறக்கிறது.

கிள்ளானும் குன்றுத் தோட்டங்களும்

மாநிலத் திட்டமும் உள்ளூர் அறிவும் இணைய வேண்டியதன் காரணத்தை நம் சொந்த வரலாறே காட்டுகிறது. 1901-ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்தில் பணியேற்றார். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவின் கொடுமையால் மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. வாட்சனின் யோசனைப்படி ஊரைச் சுற்றியிருந்த காடும் புதரும் வெட்டப்பட்டன. சதுப்பு நிலங்களின் நீர் வாய்க்கால் வழியே வடிக்கப்பட்டது. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் 1901-இல் 582 பேர் இறந்திருந்தனர். மறு ஆண்டில் அந்த எண்ணிக்கை 144 ஆயிற்று. வாய்க்கால் வேலை நடைபெறாத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் அதே காலத்தில் 266 என்பது 227 ஆகத்தான் குறைந்தது. பயன் தந்தது வாய்க்கால்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வாட்சன் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றார். கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் தணிந்தது. அதே முறையைக் குன்றுப் பகுதித் தோட்டங்களிலும் கையாண்டபோது காய்ச்சல் தணியவில்லை, ஏறியது! நம் முன்னோர் பலர் கூட்டம் கூட்டமாய் நோயுற்றதும் மாண்டதும் அத்தகைய தோட்டங்களில்தான்.

இந்தப் புதிருக்கு விடை கொசுவின் இனத்தில் இருந்தது. சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் நிழல் படிந்த காட்டுச் சதுப்பை நாடுவது; காடு போனால் அதுவும் போய்விடும். குன்றுப் பகுதியில் பரப்பிய அனோபிலிஸ் மாக்குலாட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்புவது. அங்கே மரங்களை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டது, அந்தக் கொசுவுக்குப் பாய் விரித்து வரவேற்றது போலாயிற்று. நிலத்தின் அடியில் குழாய் பதித்து ஓடைநீரை மறைத்துக் கொண்டு செல்வதும், திறந்த நீரில் எண்ணெய் தெளிப்பதும் பிறகு கண்ட வழிகள். ஒரே மாநிலம், ஒரே நோய், இருபது மைல் இடைவெளி. ஓரிடத்தில் மருந்தானது மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லலாம். அக்காலத்தில் வட போர்னியோ எனப்பட்ட சபாவில் மலேரியா ஒழிப்புக்காக வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. சில காலம் கழித்து, 'மருந்து அடித்த வீடுகளின் அத்தாப்புக் கூரை இற்று விழுகிறது' என்று மக்கள் முறையிட்டனர். இது வீண் புரளி என்று தள்ளிவிடுவது எளிது. ஆராய்ந்து பார்த்ததில் மக்கள் சொன்னது மெய்யே. கூரையைத் தின்னும் ஒரு வகைப் புழுவை முன்பு குளவிகள் அழித்து வந்தன. மருந்து குளவிகளைக் கொன்றது, புழுக்களைக் கொல்லவில்லை. திட்டத்தின் பிழையை முதலில் கண்டவர்கள் அந்தக் கூரையின் கீழ்ப் படுத்து உறங்கியவர்களே.

நகரத்துத் துண்டுப் பிரசுரம்

நான் தகவல் இலாகாவில் சேருமுன் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் வகுப்பில், ஏடிஸ் கொசு எங்கே முட்டையிடும் என்று கேட்டேன். முதல் வரிசை மாணவன் எழுந்து, "பூச்சாடி, பழைய டயர், தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் தட்டு" என்று பிரசுரத்தில் இருந்தபடி ஒப்பித்தான். அந்த லயத்தில் ஒரு வீட்டிலும் குளிர்பதனப் பெட்டி கிடையாது. பின் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி தயங்கியபடி, "எங்கம்மா வெட்டுற நிரையில, மங்குத் தண்ணியில புழு நெளியுதுங்க ஐயா" என்றாள். ஆசிரியரான எனக்கு அதுவரை அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிறுமி சொன்னது முற்றிலும் சரி. டெங்கியைப் பரப்பும் கொசுக்கள் இரண்டு. வீட்டிற்குள் வாழும் ஏடிஸ் எகிப்தி ஒன்று. வெளியே மர நிழலை விரும்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் மற்றொன்று. பின்னது தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் குழி, மரப்பொந்து என எங்கே சிறிது மழைநீர் தங்கினாலும் முட்டையிடும். பால் மங்கு அதற்கெனவே செய்து வைத்த தொட்டில். வெட்டு நடக்கும் மரத்தில் பால் நிறைவதால் அதற்கு இடமில்லை. மழை நாள்களில் வெட்டு நின்றுபோகும்போதும், இலை உதிரும் காலத்தில் மரங்களுக்கு ஓய்வு கொடுக்கும்போதும், விலை வீழ்ச்சியால் வெட்டாமல் கைவிடப்பட்ட காடுகளிலும்தான் மங்கில் நீர் தேங்குகிறது. ஒருவர் பொறுப்பில் 500 மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மங்குகளுக்கு ஒன்று மல்லாந்து கிடந்தாலும் 50 தொட்டில்கள்! காலையிலும் மாலையிலும் நிழலில் கடிக்கும் கொசு இது. விடிந்ததும் விடியாததுமாகக் காட்டில் நிற்பவர்கள் பால் வெட்டுவோரே.

முட்டை பொரிந்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு 7 முதல் 10 நாள்கள் பிடிக்கும். வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே. மாதம் ஒருமுறை பார்த்தால் அதற்குள் மூன்று தலைமுறை பறந்திருக்கும். மேலும், ஏடிஸ் முட்டை நீரில்லாமல் உலர்ந்த பாத்திரத்தின் பக்கச் சுவரில் பல மாதங்கள் ஒட்டிக் கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். தொட்டியின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். புகை அடிப்பது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். புழுவையோ முட்டையையோ அது தொடுவதில்லை. 'புகை அடித்தாயிற்று, இனி கவலையில்லை' என்று நம்மவர் நிம்மதி அடைவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமே உண்டாகிறது.

ஜொகூர் பாருவில் 2001-இல் செய்யப்பட்ட முயற்சி இவ்வகையில் நல்ல பாடம். அதுவரை 'சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருங்கள்' என்று பொதுவாகவே சொல்லி வந்தனர். அப்படிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவர். யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். அம்முயற்சியில் மக்களிடம் கேட்கப்பட்ட காரியங்கள் மிகச் சிலவே. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் தன் வீட்டைச் சுற்றிப் புழு தேடுவது. காய்ச்சல் கண்டால் தாமதியாமல் மருந்தகம் போவது. வட்டாரத்தில் தொண்டர் குழு அமைத்துப் பொது இடங்களைப் பார்வையிடுவது. 48 வட்டாரங்களில் 600-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் முன்வந்து வீடு வீடாகச் சென்றனர். அதன் பின்னரே 'கோம்பி' என்ற பெயரில் அம்முறை நாட்டின் மற்ற மாநிலங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டது. என்ன செய்வது, எந்த நாளில் செய்வது, எவ்வளவு நேரம் செய்வது என்று சொல்லிவிட்டால் மக்கள் செய்வார்கள் என்பதே அதன் உட்பொருள்.

மாறாக, பிரமுகர் வருகைக்காக நடத்தப்படும் கோத்தோங் ரோயோங்கையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு தோட்டத்தில் அவ்வாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தையே மெழுகியது போல் பெருக்கினர், படம் எடுத்தனர், சோறு போட்டனர். ஆறு வாரம் கழித்து அவ்வழியே சென்றபோது, அன்று கூட்டிச் சேர்த்த டின்களும் போத்தல்களும் ஆலமரத்தடியில் அப்படியே மழைநீருடன் கிடந்தன. அள்ளிச் செல்ல லாரி வருவதாக இருந்ததாம்.

லயத்திற்கு எது இலக்கு?

சுகாதார இலாகாவினர் 'ஏடிஸ் குறியீடு' என்று ஒன்றைக் கணக்கிடுவர். சோதித்த நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்பதே அது. நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. நகரத்தில் ஆயிரம் வீடுகளில் பத்து வீடுகள் என்றால் வரம்பைத் தாண்டவில்லை எனலாம். நம் லயத்தில் 60 வீடுகள்தாம் உள்ளன என்று கொள்வோம். ஒரே ஒரு வீட்டில் புழு இருந்தாலும் கணக்கு நூற்றுக்கு 1.7 ஆகிவிடும். சிறிய குடியிருப்பில் இலக்கு என்பது சுழியம்தான். 'ஒரு வீடுதானே' என்று விட்டுவிடுவதற்கு வழியில்லை.

இதற்கெனத் தோட்டங்களில் ஒரு குழு அமைவது நன்று. நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், மருத்துவ உதவியாளர், மண்டோர், தொழிற்சங்கப் பிரதிநிதி, பள்ளி ஆசிரியர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர், மாதர் இருவர் அதில் இருக்கலாம். வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்து நம்முடன் வேலை செய்வோரில் ஒருவரும் கட்டாயம் வேண்டும். அவர்கள் தங்கியிருக்கும் வரிசையை விட்டுவிட்டு மற்ற வரிசைகளை மட்டும் காப்பது என்பது கொசுவுக்குத் தெரியாத எல்லைக்கோடு. லயத்தையும் கால்வாய்களையும் துப்புரவாக வைத்திருப்பது நிர்வாகத்தின் சட்டப்படியான கடமை என்பதையும் குழு நினைவூட்டத் தயங்கவேண்டாம்; 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. அதுபோல, கொசு பெருகும்படி இடத்தை வைத்திருப்பவர் தொழிலாளியே ஆனாலும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் கட்ட நேரிடும்.

குழுவின் முதல் வேலை, பேச்சு அன்று. ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வாரம், எந்த வீடு, எந்தக் காடு, புழு இருந்ததா இல்லையா என்பதை எழுதி, மாதம் ஒருமுறை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் காட்டவேண்டும். மாநிலத்தின் கணக்கில் நம் தோட்டம் நோயாளியின் பெயர் மூலம் மட்டுமே இடம்பெறுவதற்குப் பதில், நோய் வருமுன்னரே இடம்பெற இதுவே வழி.

காய்ச்சல் பற்றியும் ஒரு சொல். டெங்கியில் காய்ச்சல் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இறங்கும். 'விட்டுவிட்டது' என்று எண்ணி மறுநாள் பிரட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் மிகவும் ஆபத்தான நேரம் அதுவே. காய்ச்சல் இறங்கிய பின் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மயக்கம், கைகால் சில்லிடுதல் ஆகிய எதுவும் தோன்றினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாராசிட்டமால் தவிர, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது. அவை இரத்தப்போக்கைக் கூட்டும். நாள்கூலி போய்விடுமே என்ற அச்சம் பலரைக் காட்டுக்கு விரட்டுகிறது. மருத்துவர் சான்று தந்தால் சம்பளத்துடன் நோய் விடுப்பு தொழிலாளியின் உரிமை: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள்கள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க நேரிட்டால் அதற்கு வேறு கணக்கு உண்டு.

டெங்கி என்று மட்டும் எண்ணிவிடவும் கூடாது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை. ஆனால், குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோல்சி மலேரியா இருக்கிறது. 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதி நோயாளிகளை ஆராய்ந்தபோதுதான் அது இத்தனை பேரைத் தாக்குவது தெரியவந்தது. காட்டோரம் வேலை செய்வோருக்கே அது பெரும்பாலும் வருகிறது. 24 மணி நேரத்திற்கு ஒருமுறை இரத்தத்தில் பெருகுவதால் விரைவில் முற்றும். ஆகவே மருந்தகத்தில், "காட்டோரத்தில் வேலை செய்தேன்" என்று கேளாமலே சொல்லுங்கள். அச்சொல் இரத்தத்தை நுண்பெருக்காடியில் பார்க்கச் செய்யும்.

மழைக்காலத்தில் யாருடைய மங்கை யார் கவிழ்ப்பது என்பதுதான் இத்தகைய குழுக்களில் எழும் முதல் சச்சரவு. நான் அறிந்த ஒரு தோட்டத்தில் இப்படி முடிவு செய்தனர்: வெட்டு நிற்கும் அன்று அவரவர் நிரையை அவரவர் கவிழ்ப்பது, வேலைக்கு வராதவரின் நிரைக்கு மண்டோர் பொறுப்பு, கைவிடப்பட்ட காட்டில் நிர்வாகமே ஆள் வைத்து மங்குகளைக் கழற்றி எடுத்துவிடுவது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. கழற்றிய மங்குகளை ஸ்டோரின் பின்புறத்தில் வாய் மேல்நோக்கக் குவித்து வைத்திருந்தார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள்தாம் அடுத்த வாரம் கண்டுபிடித்து நோட்டில் எழுதினர்.